பாங்குக்குப் பதினொரு நிமிடம் முன்

எங்கள் ஊரில், கடல் வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டுகிற பலகை களப்பைப் பார்த்து நிற்கிறது. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவில் நாங்கள். கற்பிட்டிப் பக்கம் நீண்டு கிடக்கும் இந்த மணல் திட்டில் இரண்டு தண்ணீருக்கும் இடையில் பெரிய தூரம் ஒன்றும் இல்லை. பலகையில் ஒரு நீல மனிதன் அலைக்கு முன்னால் ஓடுகிறான். அவன் ஓடுகிற பக்கம் நாலு வளவு தாண்டினால் இடுப்பளவு தண்ணீர். கடலுக்குத் தப்பிக் களப்பில் விழவா சொல்கிறீர்கள் என்று பலகை நட்டவர்கள் வைத்த ஒரு கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டேன். அம்புக்குறி திசையைத்தான் காட்டும், தூரத்தைக் காட்டாது என்று பதில் வந்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் படிப்பித்தவள் நான். அந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையில் ஓட வேண்டிய இடம் பள்ளிவாசலின் மேல்மாடி. எங்கள் பக்கத்தில் மாடி என்று இருப்பது அது ஒன்றுதான். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போக மூன்று நிமிடம். தனியாள் நடந்தால் மூன்று நிமிடம்.

என் வீட்டுக்காரர் நடக்க மாட்டார். வள்ளங்களுக்கு என்ஜின் திருத்திக்கொண்டிருந்த மனிசர். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து சாரனை உடுக்க முடியாமல் நின்றார். கை சொல் கேட்கவில்லை. பாரிசவாதம் என்றார்கள். வலப்பக்கம் போனது, கதை பேச்சும் போனது. புத்தி மட்டும் போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் அவர் முன்னாலேயே, பாவம், ஒன்றும் விளங்காது போல என்று சொல்லுவார்கள். அவர் கண்ணை மட்டும் மெல்ல என் பக்கம் திருப்புவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், குசினிக்குள் போய்ச் சிரிப்பேன்.

மிஞ்சியது ஒரே ஒரு எழுத்து, ‘க’. எதைச் சொல்ல வாய் திறந்தாலும் அதுதான் வரும். எழுத்து அட்டையைப் பிடித்து விரலால் தொடச் சொல்லிப் பார்த்தோம், கண் எழுத்தில் நிற்கவில்லை. சரி போ என்று நானே அவருடைய பாஷையைப் படித்தேன். நீட்டிச் சொன்னால் கதிரையில் இருத்த வேண்டும். குறுக்கிச் சொன்னால் கக்கூஸ். மூக்கால் சொன்னால் கதவைச் சாத்து, நுளம்பு வருகிறது. இரண்டு தரம் சொன்னால் கஞ்சி. அல்லாஹ் ஒரு எழுத்தை விட்டு வைத்தாலும் பார்த்துத்தான் விட்டிருக்கிறான் என்று பெண்டுகளிடம் பகிடி விடுவேன். எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. டொக்டருக்கு விளங்காதது, பெற்ற பிள்ளைகளுக்கு விளங்காதது எனக்கு விளங்கும். வந்தவர்கள் அவரிடம் எதைக் கேட்டாலும் பதிலுக்கு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்லுவது சரிதானா என்று பார்க்க ஊரில் வேறு ஆள் இல்லை.

கடற்கரையில் ஒரு கோபுரம் நிற்கிறது. உச்சியில் நாலு பக்கமும் வாயைத் திறந்த ஒலிபெருக்கிகள். கடல் பொங்கி வருமென்றால் அது ஊதும். அது வந்து கொஞ்சக் காலத்தில் பள்ளிவாசலுக்கும் ஒரு சைரன் வந்தது. கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் அனுப்பிய அன்பளிப்பு. நோன்பு காலத்தில் சூரியன் மறைந்ததும் பாங்கு சொல்கிற மோதினார் ஒரு பொத்தானை அமத்துவார், சைரன் ஊதும், ஊர் நோன்பு திறக்கும், பிறகு தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. அந்தச் சைரனைப் போட்டுப் பார்த்த அன்றே, கை கால் சுகமாயிருந்த என் வீட்டுக்காரர் விரலில் கிறீஸோடு பள்ளிவாசலுக்கு நடந்தார். இரண்டும் ஒரே சத்தம், ஒன்றை மாற்றுங்கள், ஒரு நாளைக்கு மாறிப்போகும் என்று நிர்வாகத்திடம் சொன்னார். என்ஜின்காரருக்குச் சத்தம் விளங்கும். கடல் நூறு வருசத்துக்கு ஒருக்கா வரும், நோன்பு வருசா வருசம் வருது, இதில் யார் சத்தத்தை மாற்ற வேணும் என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அன்று பகல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு முறை, கடல் வந்தால் ஓடிப் பழகுகிற அனர்த்தப் பயிற்சி நடந்தது. ஊரில் அசைய முடியாதவர் ஒருவர் என்று பட்டியலில் எழுதி, அவரைத் தூக்க நாலு பேரையும் எழுதினார்கள். நாலு பேருக்கும் தலைவர் எங்கள் பக்கத்து வளவுக்காரர், வெங்காயத் தோட்டம் செய்கிறவர், என் வீட்டுக்காரரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர். நல்ல மனிசர், இப்போதும் அப்படித்தான் சொல்லுவேன். பயிற்சி நாளன்று நான் இவரைக் குளிப்பாட்டி, புதுச் சாரன் உடுத்தி, சேட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு வைத்தேன். கலியாணத்துக்குப் போகிறவர் போலக் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் வந்து முற்றத்தில் நின்று ஏதோ குசுகுசுத்தார்கள். வெயில் கடுமை, நானாவை அலைக்கழிக்க வேண்டாம், நிறைக்கு வேறொன்றை வைத்துத் தூக்குகிறோம் என்று பக்கத்து வளவுக்காரர் சொன்னார். அவருடைய தோட்டத்து வெங்காய மூட்டை ஒன்று வந்தது. அதை எங்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சரியாமல் கயிற்றால் கட்டி, நாலு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேல்மாடியில் வெங்காயத்துக்குக் கைதட்டினார்களாம், படமும் எடுத்தார்களாம். காப்பாற்றப்பட்டவர் ஒன்று என்று பதிந்தார்கள். புதுச் சாரனோடு கட்டிலில் இருந்தவர் ‘க’ என்றார். அந்தக் ‘க’வுக்குப் பொருள் எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது.

போன வருட நோன்பில் ஒரு பின்னேரம். மழை இருட்டுக் கட்டியிருந்தது. கடலுக்கு மேலே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. காற்று ஓய்ந்து தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை. பள்ளியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி, நான் வழக்கம்போல அவருடைய கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவருக்கு நோன்பு இல்லை, ஆனாலும் நான் திறக்கும் நேரம் அவருக்கும் ஊட்டுவேன். பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு பதினொன்று. அன்று நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு ஆறு இருபத்திரண்டுக்கு.

அப்போது சைரன் ஊதியது.

நான் ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்லக் கூடாது. யோசித்தது என்ன தெரியுமா, இந்த மணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்ற வேண்டும் என்று. வெளியே இருட்டு, வாய் வரண்டு கிடக்கிறது, பழம் கையில் இருக்கிறது, சைரன் ஊதுகிறது. ஊர் முழுக்கக் கேட்கிற சைரன் பிழையா, என் வீட்டுச் சுவரில் தொங்குகிற மணிக்கூடு பிழையா. துஆவை ஓதிவிட்டுப் பழத்தை வாயில் போட்டேன். நல்ல பழம். அந்த நேரம் ஊரில் எல்லா வீட்டிலும் அதே பழத்தை அதே போலச் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ‘க’ என்றார். பிறகு இன்னொரு ‘க’. பொறுங்க, தாறன் என்று கரண்டியில் கஞ்சியை எடுத்து வாயில் வைத்தேன். துப்பினார். சேட்டெல்லாம் கஞ்சி. சூடோ என்று ஊதி மறுபடி வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டு, ‘க, க, க’ என்று நிறுத்தாமல் சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி என்ன அவசரம் என்று ஏசினேன். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருப்பது எனக்குத் தெரியாது. பிடித்த கையோடேயே நான் மூன்றாவது கரண்டியையும் ஊட்டினேன். வாயை அடைத்தேன் என்பதுதான் சரி.

சைரன் நிற்கவில்லை. பள்ளிச் சைரன் எண்ணி ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும், இது ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதிக்கொண்டே இருந்தது. ஏதோ பழுது போல என்று எண்ணும்போது பாங்கு சொன்னார்கள். பாங்கே சொல்லியாயிற்று, இனி என்ன என்று என் மனம் ஆறிவிட்டது.

அந்தப் பாங்கு வந்த கதையைப் பிறகுதான் கேட்டேன். பள்ளியில் மோதினார் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், அமத்தவில்லை. சைரன் ஊதியதும் தன் விரலைத்தான் முதலில் பார்த்தாராம். வரிசையாக இருந்தவர்கள் எல்லோரும் பழத்தை வாயில் போட்டுவிட்டு, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர், பாங்கைச் சொல்லும் என்று அவர் மேல் பாய்ந்திருக்கிறார்கள். நான் ஊதவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஊதாமலா ஊதுது என்று கேட்டிருக்கிறார்கள். நூறு பேர் கஞ்சிக் கோப்பையோடு முறைத்துப் பார்த்தால் தனி மனிசர் என்ன செய்வார், மைக்கைப் பிடித்துப் பாங்கைச் சொல்லிவிட்டார்.

ஊரில் பிழை விடாமல் இருந்தவர்கள் கடற்கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மட்டும்தான். அவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு பொருள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பயிற்சியில் சொன்ன மாதிரியே பள்ளிவாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். கீழே இருந்த எங்கள் ஆட்கள் மரியாதையாக எழும்பி, வாங்க, இருங்க என்று அவர்கள் கையில் கஞ்சிக் கோப்பையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் நோன்புக் கஞ்சிக்கு வருகிறவர்கள்தானே. ஒரு பெண் கோப்பையை வாங்கி நிலத்தில் வைத்துவிட்டுக் கடல் வருகிறது என்று சொன்ன பிறகுதான் எங்கள் ஆட்களும் மேல்மாடிப் படிக்கட்டுக்குப் பாய்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் கடைசியாக ஓடிய ஒருத்தி என் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், கடல் வருது. என்ன இன்னும் இருக்கிறீங்க?”

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் கஞ்சி வழிந்திருந்தது. கடல், கடல், கடல் என்றுதான் அந்த மனிசர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய பாஷையைப் படித்தவள் நான் ஒருத்தி என்று திரிந்தவளுக்கு அது விளங்க வேலிக்கு மேலால் வேறு ஆள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. நான் கையைப் பிடுங்கினேன். அவர் பலமாகத்தான் பிடித்திருந்தார், நான் அதை விடப் பலமாகப் பிடுங்கினேன்.

ஆள் கூப்பிடத்தான் ஓடினேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆள் கூப்பிட ஓடுகிறவள் கூப்பிட வேண்டும். நான் வாயே திறக்கவில்லை. வேலிப் படலையைத் தாண்டியது நினைவில்லை, ஒரு செருப்பு மணலில் கழன்றது மட்டும் நினைவிருக்கிறது. பள்ளிவாசலின் வெளிப்படிக்கட்டில் ஆட்களை இடித்துக்கொண்டு ஏறினேன். என் முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறிக்கொண்டிருந்தாள், அவளையும் இடித்தேன். மேலே வந்து சுவரைப் பிடித்து நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

பட்டியலில் இருந்த நாலு பேரும் மேலே நின்றார்கள். ஒருவர் கையில் இன்னும் கஞ்சிக் கோப்பை. பக்கத்து வளவுக்காரர் என்னைக் கண்டதும் தலையில் கை வைத்தார். அவர் மற்ற மூவரையும் பார்த்தார், மூவரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு மெல்லக் கேட்டார்.

“நானா எங்க டீச்சர்?”

“கொண்டு வாறாங்க,” என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் நானே போகிறேன் என்று சொல்ல வேண்டி வரும். எனக்கும் அது தெரியும். நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்துத் திரும்பினோம்.

கடல் அசையவில்லை. அப்படி ஒரு கடலை நான் பார்த்ததில்லை, வார்த்து ஊற்றிய ஈயம் போல இருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் அதன் விளிம்பில் ஏதோ எழும்புவது போலத் தெரிந்தது, யாரோ ஒருவர் கலிமாச் சொன்னார், பக்கத்தில் யாரோ சிலுவை போட்டார்கள். எங்கள் வீட்டுக் கூரை அங்கிருந்து தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, சைரன் தானாக நின்றது. ஏன் ஊதியது, ஏன் நின்றது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வயருக்குள் உப்புக் காற்று போயிருக்கும் என்றார்கள். மின்னல் என்றார்கள். கோபுரம் அப்படியே நிற்கிறது.

நான் திரும்பி வந்தபோது அவர் விட்ட இடத்திலேயே இருந்தார். வேறெங்கே போவார். வாசலில் நின்ற என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். நனையவில்லை என்று கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஏசுவது போல ஒரு ‘க’ சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். சேட்டைக் கழற்றி, காய்ந்த கஞ்சியைத் துடைத்து, வேறு சேட்டுப் போட்டேன்.

அடுத்த ஒரு கிழமை ஊரில் ஒரே பேச்சு, அன்றைய நோன்பு கூடுமா கூடாதா என்பதுதான். கடல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சூரியன் மறைய முன் தின்றால் முறிந்தது முறிந்ததுதான் என்றார் ஒருவர். தெரியாமல் தின்றதற்குக் குற்றம் இல்லை என்றார் இன்னொருவர். வட்சப்பில் குரல் பதிவுகள் பறந்தன, கனமூலை ஊரிலிருந்துகூட ஒரு விளக்கம் வந்தது. சைரன் ஊதியது பள்ளியா கோபுரமா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுமா என்று ஒருவர் கேட்டார், அதற்கும் ஒரு நாள் போனது. கடைசியில் பள்ளியில் மார்க்கம் சொல்லும் ஹஸ்ரத், குற்றம் இல்லை, ஆனால் எல்லோரும் பின்னால் ஒரு நோன்பு பிடித்துக் கழாச் செய்ய வேண்டும் என்று முடித்து வைத்தார். ஊர் ஆறுதலடைந்தது. அன்றைய பிழைக்கு ஒரு பெயரும் ஒரு பரிகாரமும் கிடைத்துவிட்டது. பெருநாள் கழிந்து நானும் ஒரு நோன்பு பிடித்தேன். அந்தப் பதினொரு நிமிடத்தை அடைத்துவிட்டேன், அதற்குப் பிறகு வந்த நேரத்துக்கு என்ன பிடிப்பது என்று ஹஸ்ரத்திடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில், அறிக்கை எழுத அனர்த்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். கையில் விரலால் தொட்டு எழுதுகிற டெப், கழுத்தில் அட்டை. சிங்களப் பிள்ளை, ஆனால் பொறுமையாகத் தமிழ் கதைத்தாள். வழி காட்டிக்கொண்டு பக்கத்து வளவுக்காரரும் கூட வந்து, உள்ளே வராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அந்தப் பிள்ளையை இருத்தினேன். எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது, எந்த வழியால் போனீர்கள், எத்தனை நிமிடம் சென்றது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு அவள் டெப்பைப் பார்த்து, அசைய முடியாதவர் ஒருவர், தூக்குகிறவர் நாலு பேர் என்று வாசித்தாள். அவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போனார்களா என்று கேட்டாள்.

பக்கத்து வளவுக்காரர், நாங்க நாலு பேரும் என்று தொடங்கினார். வசனத்தைப் பாதியில் விட்டு நிலத்தைப் பார்த்தார். இல்லை என்று நான் சொன்னால் அந்த நாலு பேரும் எங்கே இருந்தார்கள் என்று அவள் கேட்பாள். அதற்கடுத்து நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாள். டெப்பில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

ஓம், கொண்டு போனாங்க என்று சொன்னேன்.

வாசலில் நின்றவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. கட்டிலில் இருந்தவர் அதுவரை சும்மா இருந்தவர், அப்போது வாய் திறந்தார். நீட்டாமல், குறுக்காமல், மூக்கால் அல்லாமல், நேராக அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு ‘க’ சொன்னார். இத்தனை வருடத்தில் நான் கேட்ட ‘க’க்களில் அவ்வளவு தெளிவாக எனக்கு விளங்கிய வேறொன்று இல்லை.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள்.

“அங்கிள் என்ன சொல்றாரு?”

“ஓமெண்டு சொல்றாரு,” என்றேன்.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதையும் பதிந்துகொண்டாள்.